நகல் கேட்டால் முதலில் ஒரு கேள்வி கேட்கும் நூலகம்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் கிளை நூலகம். எத்தனை புத்தகம், எத்தனை நாற்காலி என்பதெல்லாம் போனால் தெரிந்துவிடும். நான் எழுத நினைத்தது, அங்கே நகல் எடுத்துத் தருகிற விதத்தைப் பற்றி.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊர் வரலாறு எழுத ஆரம்பித்தேன். 1924 காவிரி வெள்ளத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பாடி அச்சிட்ட சிந்து ஒன்று அங்கே இருக்கிறது, பதினாறு பக்கம். நூலகர் அம்மா அதை எடுத்து வந்ததும், "சார், இவர் எப்போ காலமானார்னு தெரியுமா?" என்று கேட்டார். பாடியவரின் பேரனுக்குப் போன் போட்டு விசாரித்தேன். 1951 என்றார். "அப்ப 2011 முடிஞ்சதோட பதிப்புரிமையும் முடிஞ்சுது, முழுசா எடுத்துக்குங்க." ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம், அதுதான் நம் நாட்டுக் கணக்கு.

கம்பி துருவேறி, ஓரமெல்லாம் அப்பளமாக நொறுங்குகிற நூல். மெஷினில் கவிழ்த்து அழுத்த அவர் விடவில்லை. ஜன்னலோர மேசையில் வெள்ளைத் தாளை விரித்து அவரே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், நான் செல்போனில் படம் எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் தெரு இடிந்த சேதி இருந்தது.

அடுத்தது 1980களில் வந்த ஒரு பாசன நூல். ஆசிரியர் இருக்கிறார், புத்தகம் கடையில் இல்லை. முழுவதும் கேட்டேன், கிடைக்கவில்லை. குடமுருட்டி ஆற்றைப் பற்றிய அத்தியாயம் மட்டும் ஜெராக்ஸ் ஆனது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவு எடுக்கலாம் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். எத்தனை பக்கம் என்று அதில் இல்லை. பலரும் சொல்கிற 'பத்து சதவீதம்' அந்தச் சட்டத்திலேயே கிடையாது.

ஆனால் இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த அம்மா ஒன்று எடுத்து பைண்டு போட்டுவிட்டார். மூலம் பீரோவில், பிரதி அலமாரியில். நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். கையில் இருக்கும் நூலைப் பாதுகாக்க ஸ்கேன் செய்து வைக்கவும் 2012 திருத்தத்தில் வழி இருக்கிறது, அதையும் செய்கிறார்கள். அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். "அது நூலகத்துக்குள்ளதான் சார். ஆசிரியரையே ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றார். கேட்டேன். தன்னிடம் மிச்சமிருந்த ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பிவிட்டார் அந்தப் பெரியவர்!

வேறொரு நூலகத்தில், நூறு வருஷத்துக்கு முந்தைய நூலில் ஒரு பக்கத்துக்குக்கூட "காப்பிரைட் சார்" என்று கைவிரித்தார்கள். வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். இங்கே சட்டம் தெரிந்தவர் இருப்பதால்தான் கூடுதலாகவே கிடைக்கிறது.

குறை என்றால், மெஷின் ஒன்றுதான், மையும் மங்கல். ஸ்கேன் செய்ததைப் பார்க்க ஒரே கம்ப்யூட்டர், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே அது போதவில்லை. காலையில் போய்விடுங்கள். நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய, ஆசிரியர்களின் நூல்களுக்காக அலைய வேண்டாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நிறைய இருக்கின்றன. பழைய நூல் தேடிப் போகிறவர்கள் ஆசிரியர் இறந்த வருஷத்தை விசாரித்துக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.