ஆடும் பல்லும் ஏறும் சர்க்கரையும்: பிடுங்குவதா, சுத்தம் செய்வதா?

என் பெரியம்மா ஏற்காட்டில் இருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதைவிட நீண்ட பழக்கம் வெற்றிலை பாக்கு. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கீழ்வரிசையில் சில பற்கள் ஆடுகின்றன. வீட்டில் மூன்று யோசனைகள் எழுந்தன. உப்புப் போட்ட வெந்நீரும் கிராம்புத் தைலமும் போதும் என்றார் பெரியப்பா. சேலத்தில் ஈறுகளைச் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னேன் நான். "இருபது கொண்டை ஊசி வளைவுகளை எத்தனை தடவை இறங்கி ஏறுவது? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் போட்டுக்கொள்கிறேன்" என்றார் பெரியம்மா.

உப்புத் தண்ணீரால் வலியும் வீக்கமும் சற்றுத் தணியும். ஆனால் பல்லில் படிந்து கல்லாக இறுகிய காரையை எந்தக் கொப்பளிப்பும் கரைக்காது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தின் அடி வரை இறங்கவும் செய்யாது. கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷுக்கும் இதே கதிதான். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை வேறு படியும்.

சுத்தம் செய்வதை நான் வலியுறுத்தியதற்குக் காரணம் பல் மட்டுமல்ல. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும் என்று பலருக்கும் தெரியும். ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை. புண்ணான ஈறிலிருந்து கிருமிகளும் அழற்சிப் பொருள்களும் ரத்தத்தில் கலக்கின்றன. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்ய அவை விடுவதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பாய்வு 35 ஆய்வுகளை அலசியது. ஈறு சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு, அந்தச் சிகிச்சை பெறாதவர்களைவிடச் சராசரியாக 0.43 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. 8.2-இல் இருப்பவர் 7.8-க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கூட்டாமல் இது கிடைப்பதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

இதயத்தைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் புகைபிடித்தலும் சர்க்கரையும் இரண்டுக்குமே பொதுவான காரணங்கள். ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை என அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் தெளிவாகச் சொன்னது. மாரடைப்பைக் காட்டிப் பயமுறுத்திப் பெரியம்மாவை நாற்காலியில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை ஒன்றே போதுமான காரணம்.

"கிளீனிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும்" என்பது ஊரெங்கும் கேட்கும் பயம். ஆட்டத்துக்கு உண்மையான காரணம், பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருப்பது. காரை சந்துகளை அடைத்துக்கொண்டு, ஆடும் பல்லுக்கு முட்டுக் கொடுத்தது போல நின்றிருக்கும். அதை எடுத்து வீக்கமும் வடிந்தபின் மறைந்திருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சில வாரம் பல் கூசும், பிறகு அடங்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது. மேலும் கரையாமல் நிறுத்தலாம்.

பிடுங்கிவிட்டால் ஒரே பயணத்தில் முடிந்துவிடும் என்பது பெரியம்மாவின் கணக்கு. அந்தக் கணக்குத் தவறு. பிடுங்க ஒரு நாள் போதாது. புண் ஆற வேண்டும், அளவெடுக்க வேண்டும், செட்டைப் பொருத்த வேண்டும், உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். பல் போன இடத்தில் எலும்பு சுருங்கச் சுருங்க செட் தளரும், மறுபடியும் மலையிறங்க வேண்டும். முழு பல்செட்டுடன் சேலம் தட்டுவடை செட்டைக் கடித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கடிக்க முடியாதவர் கஞ்சிக்கும் இட்லிக்கும் ஒதுங்குவார். கடலை, பச்சைக் காய்கறி தட்டிலிருந்து போய்விடும். சர்க்கரைக்காரருக்கு இது நேர் எதிரான வழி.

எலும்பு முழுக்கக் கரைந்து, பல் மேலும் கீழும் அசைந்தால் பிடுங்குவதுதான் சரி. பெரியம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் அப்படி இருந்தது ஒரே ஒரு பல். அதை எடுத்தார்கள். மற்றவற்றுக்கு நான்கு முறை ஆழச் சுத்தம் செய்தார்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸிலேயே இறங்கிவிடுகிறார். பாக்கை விடுவது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.