ஒரு சுவரின் விலை: 25 மீட்டர் குளமும் 50 மீட்டர் குளமும்

2024இல் அமெரிக்காவின் கிரெட்சன் வால்ஷ் இரண்டு பெரிய 100 மீட்டர் பட்டர்ஃப்ளை (இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் முறை) இறுதிப் போட்டிகளில் நீந்தினார். ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் குளம். சக அமெரிக்க வீராங்கனை டோரி ஹஸ்க்கிடம் 0.04 விநாடியில் தங்கத்தைப் பறிகொடுத்தார். டிசம்பரில் புடாபெஸ்டில் உலக ஷார்ட் கோர்ஸ் சாம்பியன்ஷிப், 25 மீட்டர் குளம். அங்கே 52.71 விநாடியில் தங்கம். அந்தப் போட்டித் தொடர் தொடங்கும்போது இருந்த உலக சாதனை 54.05. நூறு மீட்டர் பந்தயத்தில் சாதனை வழக்கமாக ஒரு விநாடியின் நூறில் சில பங்குதான் இறங்கும். இவர் ஒரே வாரத்தில் ஒன்றே கால் விநாடிக்கும் மேல் இறக்கிவிட்டார். அந்தத் தொடரில் ரிலேயும் சேர்த்து அவர் பங்கில் ஏழு தங்கம், 11 உலக சாதனைகள்.

ஆள் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான், இடையில் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. குளத்தின் நீளம் மாறியதும் கதையே மாறிவிட்டது.

ஒலிம்பிக் 50 மீட்டர் குளத்தில் மட்டுமே நடப்பதால் ஷார்ட் கோர்ஸ் போட்டியை இரண்டாம் தரமாகப் பார்க்கிற பழக்கம் நீச்சல் ரசிகர்களிடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் பார்த்துவந்தேன். ஒருநாள் உட்கார்ந்து, திரும்பி உதைத்துக் கிளம்பக் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு சுவரும் எத்தனை விநாடி பெறும் என்று கணக்குப் போட்டேன். அதற்கப்புறம் அந்த எண்ணம் போய்விட்டது.

100 மீட்டருக்கு நீளக் குளத்தில் (50 மீட்டர்) ஒரு திருப்பம், குட்டைக் குளத்தில் (25 மீட்டர்) மூன்று. வால்ஷ் 2024 ஜூனில் நீளக் குளத்தில் செய்த உலக சாதனை 55.18. குட்டைக் குளத்தில் 52.71. வித்தியாசம் 2.47 விநாடி, கூடுதல் சுவர்கள் இரண்டு. ஆக, ஒரு சுவர் அவருக்கு 1.2 விநாடிக்கு மேல் கொடுக்கிறது.

இப்போது அமெரிக்காவின் கேட்டி லெடெக்கியின் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல். நீளக் குளத்தில் 15:20.48 (2018), குட்டைக் குளத்தில் 15:08.24 (2022). திருப்பங்கள் 29க்கு 59. முப்பது சுவர் கூடுதலாக இருந்தும் கிடைத்தது சுமார் 12 விநாடிதான், சுவருக்கு 0.4. கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலை புடாபெஸ்டில் 3:50.25இல் முடித்தார். 2025 ஜூனில் நீளக் குளத்தில் அவர் நேரம் 3:54.18. எட்டுச் சுவர் கூடுதல், சுவருக்கு அரை விநாடி. வெவ்வேறு ஆண்டுகளின் நேரங்கள் என்பதால் இதைத் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 0.4க்கும் 1.2க்கும் நடுவே உள்ள இடைவெளி தற்செயல் இல்லை.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இதன் காரணம் உடம்பிலேயே தெரியும். சுவரை உதைத்துவிட்டு நீருக்கடியில் அம்பு மாதிரி போகும் அந்த வேகம் மேலே வந்து கைபோட்டால் வராது. மேற்பரப்பில் நீந்தும்போது அலை எழுப்புவதிலேயே கணிசமான பலம் போகிறது. ஆழத்தில் அந்த விரயம் குறைவு. வால்ஷ் மாதிரியானவர்கள் சுவரிலிருந்து கிளம்பி, உடம்பை வளைத்து அடிக்கும் டால்பின் கிக்கை விதி அனுமதிக்கும் 15 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகிறார்கள். 1500 மீட்டர் நீந்துபவரால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியாது. சில உதையோடு மேலே வந்துவிட வேண்டியதுதான்.

அந்த 15 மீட்டர் விதிக்கு ஒரு பின்னணி உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்தும் முறை) அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் முதல் நீளத்தில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கடந்தார். ஜப்பானின் டைச்சி சுசுகியும் அதே உத்தியோடு வந்து தங்கம் வென்றார். அதன் பிறகுதான் வரம்பு வந்தது. முதலில் 10 மீட்டர், பின்னர் 15. பட்டர்ஃப்ளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் 1998இல் வந்தது. இன்றைய விதிப்படி நீளக் குளத்தின் 100 மீட்டரில் அதிகபட்சம் 30 மீட்டர் நீருக்கடியில் போகலாம். குட்டைக் குளத்தில் 60 மீட்டர்! பாதிக்கும் மேல். பெயர் பட்டர்ஃப்ளைதான் என்றாலும் இது வேறொரு பந்தயம் என்றே நான் சொல்வேன்.

வேகப் பந்தயத்திலும் இதே கதை. கேமன் தீவுகளின் ஜோர்டன் க்ரூக்ஸ் புடாபெஸ்ட் அரையிறுதியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 19.90இல் நீந்தினார். 20 விநாடிக்குள் போன முதல் மனிதர் அவர். அதே ஆண்டு பாரிஸில் அவருக்குப் பதக்கம் இல்லை. தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாய் எடுத்தது 21.25. நீளக் குளத்தின் 50 மீட்டரில் திருப்பமே கிடையாது. குதித்தால் நேராக எதிர்ச் சுவர்தான்.

100 மீட்டர் மெட்லியும் (நான்கு நீச்சல் முறைகளையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் பந்தயம்) 4x50 ரிலேக்களும் 25 மீட்டர் சாம்பியன்ஷிப்பில் மட்டும் கிடைப்பவை. 25 மீட்டர் குளம் ஓர் உள்ளரங்கத்துக்குள் அடங்கிவிடுவதும் ஒரு வசதி. 2004இல் இண்டியானாபொலிஸில் கூடைப்பந்து அரங்கத்துக்குள் தற்காலிகக் குளம் கட்டி இந்தத் தொடரை நடத்தினார்கள். அதே ஊரில் 2024 ஒலிம்பிக் தேர்வுக்கு 50 மீட்டர் குளத்தை அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குள் கட்டினார்கள்.

ஷார்ட் கோர்ஸின் உண்மையான குறை குளத்தில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது. டிசம்பரில், பல முறை ஒலிம்பிக் களைப்பு ஆறுவதற்குள் வருகிறது. பிரான்ஸின் லியோன் மர்ஷான் 2024 நவம்பரில் சிங்கப்பூரில் 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் மெட்லி உலக சாதனை படைத்தார். அடுத்த மாதம் புடாபெஸ்டுக்கு அவர் வரவில்லை. அவர் இல்லாத மெட்லியைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? 200 மீட்டருக்கு மேற்பட்ட ஃப்ரீஸ்டைல் என்றால் யோசிக்காமல் நீளக் குளம். சுவரின் உதவி குறைய, கடைசி 50 மீட்டரில் தோள் கனத்து, கை இழுப்பு சுருங்கும்போது யாரிடம் மிச்சம் இருக்கிறது என்பது அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், 100 மீட்டர் வரையிலான ஃப்ரீஸ்டைல் என்றால் என் ஓட்டு 25 மீட்டருக்கு. அங்கே கற்றது வீணும் போவதில்லை. பாரிஸில் வெள்ளியோடு நின்ற வால்ஷ், 2025இல் சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பில் 50 மீட்டர் குளத்திலேயே 54.73இல் 100 பட்டர்ஃப்ளை தங்கத்தை எடுத்தார்.

2026 ஷார்ட் கோர்ஸ் தொடர் பெய்ஜிங்கில். 100 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதியில் மூன்றாவது திருப்பத்தைக் கவனியுங்கள். மூச்சு முட்டும் அந்த நேரத்தில் எந்தத் தலை கடைசியாக நீருக்கு மேலே வருகிறதோ, நான் அந்தத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.