ஸ்போர்ட்ஸ் ப்ரா வாங்கப் போறாக்கள் இதை வாசிச்சிட்டுப் போங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில ஒரு கடை, பேர் சொல்லேல்லை. போன மாசம் அங்க 3,900 ரூபா குடுத்து ஸ்போர்ட்ஸ் ப்ரா ஒண்டு வாங்கினன். போட்டுப் பாக்க விடேல்லை. எஸ், எம், எல் மட்டும்தான் இருந்தது, என்ர சைஸ் 36 சி எண்டு சொன்னன், "எம் எடுங்கோ அக்கா, இறுக்கமா இருந்தாத்தான் சப்போர்ட்" எண்டு கடைப்பிள்ளை சொல்ல நானும் மண்டையை ஆட்டிட்டு வந்திட்டன்.

அடுத்த நாள் விடிய இண்டிபென்டன்ஸ் ஸ்குவாரில ஓடப் போனா, ரெண்டாம் ரவுண்டிலயே மூச்சு முழுசா இழுக்க ஏலேல்லை, வேர்த்து ஊத்த ஊத்த கீழ்ப்பட்டி சுருண்டு கயிறு மாதிரி வெட்டுது, தோள் ரெண்டும் எரியுது, இவ்வளவு இறுக்கியும் குலுக்கம் நிக்கேல்லை, அதுதான் கொடுமை. தலைக்கு மேலால கழட்டுற மாடல் வேற, ஈரத்தில கை ரெண்டும் மேல மாட்டுப்பட்டு அம்மாவைக் கூப்பிட்டன் (சிரிக்காதேங்கோ). சிவந்த தழும்பு ரெண்டு நாள் கிடந்தது.

மாத்தக் கொண்டு போனா, பாவிச்சது எடுக்கமாட்டமாம். போட்டுப் பாக்கவும் விடாம, போட்டாப் பிறகு எடுக்கவும் மாட்டம் எண்டா என்ன கணக்கு?

பிறகுதான் இருந்து வாசிச்சன். மார்பில தூக்கிப் பிடிக்கத் தசை இல்லை, தோலும் மெல்லிய இணைப்புநாரும்தான். ஓடேக்க மேல கீழ மட்டுமில்லை, பக்கத்துக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். பாரத்தைக் கூடுதலாத் தாங்கவேண்டியது கீழ்ப்பட்டி, ஸ்ட்ராப் சும்மா துணைக்கு. நான் வாங்கினதில பட்டி ஒரு விரல் அகலம், ஸ்ட்ராப் நூல் மாதிரி, கூட்டிக் குறைக்க வழியில்லை, பிறகு முழு இழுவையும் தோளிலதானே விழும். அதோட ரெண்டு மார்பையும் சேர்த்து நசுக்கிற டிசைன் சின்ன சைஸுக்குச் சரிவரும், பெரிசெண்டா தனித்தனிக் கப் இருக்கிறதுதான் நல்லம். 1977இல அமெரிக்காவில மூண்டு பொம்பிளையள் ஆம்பிளையள் விளையாடேக்க உள்ளுக்குப் போடுற ஜொக்ஸ்ட்ராப் ரெண்டைச் சேர்த்துத் தைச்சுத்தான் முதல் ஸ்போர்ட்ஸ் ப்ரா செய்தவையாம், அதுவே இதைவிட யோசிச்சுச் செய்ததா இருந்திருக்கும். (எங்கட நுகர்வோர் அதிகாரசபை நம்பரும் 1977 தான், நாளைக்கு அடிக்கப் போறன்.)

போட்டுப் பாக்க விடாத கடையில வாங்காதேங்கோ. பட்டிக்குள்ள ரெண்டு விரல் போகோணும், கையைத் தூக்கினா பட்டி மேல ஏறக்கூடாது, வெக்கப்படாம உள்ளுக்க நாலு தரம் துள்ளிப் பாருங்கோ.

நான் ஏமாந்த மாடல் கறுப்பும் ரோஸும், முதுகில வலை மாதிரிக் குறுக்கு மறுக்கா நாலு நூல், டாக்கில பெரிசா 'ஹை இம்பாக்ட்' (ஓட்டம், துள்ளலுக்கெண்டு அர்த்தம்) எண்டு இருக்கும். நேற்றும் வாசலிலயே தொங்குது.