பேனா இசி மீட்டர்: போர் தண்ணீருக்கு நல்லது, களர் நிலத்துக்கு ஆகாது

ஆயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கும் பேனா வடிவ இசி மீட்டரை (கரைந்த உப்பை மின்கடத்துதிறனாக அளக்கும் கருவி), உளுந்தும் கடலையும் போடுகிறவர்கள் வாங்கலாமா? போர் தண்ணீரைப் பார்க்க என்றால் தாராளமாக வாங்கலாம். பாசன நீரின் உப்பு அளவு 2.1 டெசிசீமென்ஸைத் (மின்கடத்துதிறனின் அலகு) தாண்டினாலே நிலக்கடலையில் மகசூல் இறங்க ஆரம்பிக்கும். தட்டைப்பயறு 3.3 வரை தாங்கும். பீன்ஸுக்கு 0.7-தான் எல்லை.

திரையில் வருவது மைக்ரோசீமென்ஸ். டெசிசீமென்ஸாக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டும். பல மாடல்களில் அளவு 999-ஐத் தாண்டியதும் மூலையில் பொடி எழுத்தில் ×10 மின்னும். அதைக் கவனிக்காவிட்டால் 2140 என்பது 214 ஆகிவிடும், உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று பாய்ச்சிவிடுவோம். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) பக்கமே போகாதீர்கள். இசியை அதற்கு மாற்றக் கம்பெனிக்குக் கம்பெனி பெருக்கும் எண் வேறு.

மண்ணுக்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். 15 செ.மீ. ஆழம் வரை பல இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி. கேன் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு உண்டு. பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, அரைமணி தெளியவிட்டு அளக்கவும். வரும் எண்ணை மணல் கலந்த இருமண்ணுக்கு 14, இருமண்ணுக்கு 9.5, கடுங்களிமண்ணுக்கு 5.8 ஆல் பெருக்கவும். இருமண்ணில் 450 காட்டினால் 0.45 × 9.5, சுமார் 4.3. மண்ணில் நிலக்கடலையின் எல்லை 3.2, அதற்குமேல் ஒவ்வொரு டெசிசீமென்ஸுக்கும் 29 சதவீதம் போகும். ஆக ஏறக்குறைய 30 சதவீத இழப்பு. தட்டைப்பயறின் எல்லை 4.9 என்பதால் அதே வயலில் அது தப்பிக்கும். அதே 450 கடுங்களிமண்ணில் வந்தால் 2.6-தான், கடலைக்கே பயமில்லை. மண்வகையைத் தப்பாகக் கணித்தால் கணக்கு முழுக்கக் கவிழும். ஜிப்சம் போட்ட வயலிலும் அளவு கூடுதலாகவே காட்டும், ஜிப்சமும் நீரில் கரைவதால்.

நெல் தரிசில் (நெல் அறுத்த வயலில்) உளுந்து போடுகிறவர்களுக்கு விதைப்பின்போது எடுத்த அளவு போதாது. தண்ணீர் பாய்ச்சாத நிலம் காயக் காய அடியிலிருக்கும் உப்பு மேலேறும். பூக்கும் சமயத்தில் இன்னொரு தடவை பாருங்கள்.

சோடியம் மிகுந்த களர் நிலத்தில்தான் இந்த மீட்டர் கையை விரிக்கிறது. அங்கே கரையும் உப்பு குறைவு, சோடியமும் 8.5-க்கு மேற்பட்ட கார அமிலநிலையும் (pH) தான் வேர்முடிச்சு கட்டவிடாமல் செய்கின்றன. மீட்டரோ எல்லாம் நலம் என்னும். ஒரு அடையாளம் உண்டு: அளவு குறைவாக இருந்தும் பாட்டில் நீர் ஒரு மணி நேரமாகியும் தெளியாமல் பால்போல் கலங்கியே நின்றால் சோடியத்தைச் சந்தேகிக்கலாம். மண் பரிசோதனை நிலையத்தில் அமிலநிலையோடு ஜிப்சம் தேவையையும் கேட்டு வாங்குங்கள். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் கொட்டுவது வீண்.

வாங்கும்போது வெப்பநிலையைத் தானே ஈடுசெய்யும் வசதியும், அளவைத் திருத்தும் திருகோ பட்டனோ இருக்கிறதா என்று பார்க்கவும். மீட்டரைச் சரிபார்க்க உதவும் 1413 மைக்ரோசீமென்ஸ் திருத்தக் கரைசலைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். மீட்டரைப் பாட்டிலுக்குள் நேரே முக்காமல், கொஞ்சம் மூடியில் ஊற்றித் திருத்திவிட்டு அதைக் கொட்டிவிடுங்கள்.