முன்பக்கச் சத்தம்: பேரிங்கா, கிரவுனா, சிவியா, கிராஸா?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில் ஒரு நாள் என் பழைய ஜீப் ஊளையிட ஆரம்பித்தது. 50-ஐத் தாண்டினால் "உர்ர்". ஆக்சிலேட்டரை விட்டாலும் அதே உர்ர், கிளட்சை மிதித்தாலும் அதே உர்ர். கோவையில் ஒரு பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சிலேட்டரை விட்டும் மாறலீங்க, அப்போ வீல் பேரிங்தானுங்க" என்றார்கள். இடது பக்கம் புது பேரிங் போட்டார்கள். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பல்லடம் தாண்டுவதற்குள் உர்ர் திரும்பி வந்துவிட்டது.

அவர்கள் வைத்த சோதனை தப்பில்லை. ஆனால் அது பின் ஆக்சிலுக்கான சோதனை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் ஆக்சில் இன்னொரு கணக்கில் ஓடுகிறது. டூ வீல் டிரைவில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போது) போகும்போது, ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரித்துவிடும் பூட்டு) இல்லாத வண்டியில், முன் சக்கரம் சுற்றும் வேகத்தில் ஆக்சில், அதைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன், அதோடு கோத்திருக்கும் சின்ன பல்சக்கரமான பினியன், பினியனோடு சேர்ந்த நீளத் தண்டான முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாமே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றும், ஆனால் பாரம் இழுக்காது. பாரமே இல்லாத கிரவுனுக்கு நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ன, விட்டால் என்ன? அதனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, பாரம் ஏறும்போது அது மாறுகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

உர்ர்: வீல் பேரிங் எதிர் கிரவுன் பினியன்

காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். வேகம் கூடினால் இரண்டுமே கூடும். போதாக்குறைக்கு, பெரும்பாலான ஃபோர் வீல் வண்டிகளில் முன் டிஃபரன்ஷியல் (கிரவுனும் பினியனும் உட்கார்ந்திருக்கும் இடம்) நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். "சத்தம் அந்தப் பக்கமிருந்துதான் வருது" என்று சத்தியம் செய்யத் தோன்றும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

பிரித்துப் பார்க்க முதல் வழி, வண்டியின் எடையை ஒரு பக்கம் சாய்ப்பது. ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் 50-ல் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஒடியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங் மேல். எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஒரே மாதிரி கேட்டால் கிரவுன் பக்கம் பாருங்கள். பேரிங் ரொம்பவே தேய்ந்துபோனால் இரண்டு பக்கமும் கத்தும், அதனால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

ஜிப்சி மாதிரி கையால் திருப்பும் ஹப் உள்ள வண்டிக்காரர்களுக்கு வேலை ரொம்பச் சுலபம். ஹப்பை ஃப்ரீயில் வைத்து டூ வீலில் ஒரு ரவுண்டு போங்கள். கிரவுன் அசையாமல் கிடக்கும். அப்போதும் உர்ர் கேட்டால் பேரிங், இல்லையென்றால் டயர்.

ஆமாம், டயர். மட் டெரைன் டயர் (சேற்றுக்கான முரட்டுப் பட்டன் டயர்) போட்டுவிட்டு "வண்டி ஊளையிடுது" என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றுங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் ஸ்பேனரைப் பையிலேயே வைத்துவிடலாம்.

ஹப் இல்லாத எனக்கு விடை கிடைத்தது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில். வயதான மெக்கானிக். வண்டியை ஓட்டக்கூட இல்லை. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டமில்லை. (ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டான கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட்.) அப்புறம் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். வழவழவென்று சுற்றியது. எதிர்ச் சக்கரம் தலைகீழாகச் சுற்றியது, புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையவில்லை.

"பாத்தீங்களா தம்பி, சக்கரத்தைச் சுத்துனா பினியன் சுத்தாதுங்க. ஜாக்கியில போட்டு சத்தமில்லைன்னு சொன்னா என்னுங்க அர்த்தம்?"

அடியில் புகுந்து முன் ஷாஃப்டைக் கையால் திருப்பினார். என் கையையும் பிடித்து பினியன் மூக்கின் மேல் வைத்தார். விரலுக்கு அடியில் கரகரவென்று, மணலை அரைக்கிற மாதிரி. காது வேண்டியிருக்கவில்லை. கிரவுன் ஆயிலை இறக்கினால் பால் விட்ட காபி நிறம். எப்போதோ ஓடையில் இறக்கியபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக் காந்தத்தில் கம்பளிப்பூச்சி மாதிரி இரும்புத் தூள். லேசான சாம்பல் பசை என்றால் பயமில்லை, மின்னுகிற செதில் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

செலவில் இரண்டும் ஒன்றல்ல. வீல் பேரிங் ஒரு பகல் வேலை. பழைய டேப்பர் ரோலர் பேரிங் என்றால் கழுவி, கிரீஸ் அடைத்து, நட்டைச் சரியாக இறுக்கினாலே சில சமயம் சரியாகிவிடும். பினியன் பேரிங்குக்கு ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டும், ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பல் பொருத்தம் பார்க்க வேண்டும். பல் பொருத்தம் தெரியாதவர் கையில் கொடுத்தால், போகும்போது உர்ர், வரும்போது ஊய்ங் என்று ஆகிவிடும்.

டக் டக்: சிவி எதிர் கிராஸ்

சிவி என்பது சக்கரம் திரும்பியிருந்தாலும் அதைச் சுற்றவைக்கும் ஆக்சில் மூட்டு. கிராஸ் என்பது புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் இருக்கும் கூட்டல் குறி வடிவ மூட்டு. இங்கே எண்ணத் தெரிந்தால் போதும். 235/70 ஆர்16 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.3 மீட்டர் போகும். 10 கிலோமீட்டர் வேகத்தில் 5 நொடிக்கு 6 சுற்று. கிரவுன் விகிதம் ஏறக்குறைய 4 என்றால் அதே 5 நொடியில் முன் ஷாஃப்ட் 24 சுற்று சுற்றிவிடும். போனில் பதிவு செய்துகொண்டு பிறகு நிதானமாக எண்ணுங்கள். நிதானமான டக்... டக்... என்றால் சத்தம் சக்கரத்தோடு சுற்றுகிறது. தையல் மெஷின் மாதிரி ஓடினால் ஷாஃப்டோடு சுற்றுகிறது.

சிவி ஜாயிண்ட் கத்துவது திருப்பத்தில், அதுவும் பாரத்தில். அறுவடை முடிந்த காட்டில் (நம்ம ஊர் அர்த்தத்தில் காடு, மானாவாரி நிலம்) ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். முன்னால் ஒன்று, ரிவர்சில் ஒன்று. டூ வீலில் வட்டமடித்துவிட்டு "சிவி நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள், பாரமில்லாத சிவி பேசாமல் இருக்கும். சிவியை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் வட்டமே தேவையில்லை. 2010-ல் வந்த மஹிந்திரா தாரின் சிஆர்டிஇ மாதிரி முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் பூட் வெளியே தெரியும், குனிந்தாலே பார்த்துவிடலாம்.

இதே வட்டத்தைத் தார் ரோட்டில் அடிக்க வேண்டாம். பார்ட் டைம் ஃபோர் வீலில் (தேவைப்படும்போது மட்டும் போடுவது) முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசம் விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போக முடியாமல் இழுத்துக்கொள்ளும், டயர் கீச்சிடும், வண்டி உதறும். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபோர் வீல் போட்டே ஏறிவிட்டு சத்தம் வருகிறது என்று புகார் சொன்னால், பழுது வண்டியில் இல்லை.

கிராஸ் வேறு ரகம். நேர் ரோட்டிலும் பேசும். கிரீஸ் காய்ந்தால் முதலில் கீச் கீச், சிட்டுக்குருவி மாதிரி. அப்புறம் கியர் மாற்றும்போது "டங்". கிராஸ் முனைகளை மூடியிருக்கும் கப்பைச் சுற்றித் துருப்பிடித்த செம்பொடி தெரிந்தால் அதன் ஊசி பேரிங் பொடியாகிக்கொண்டிருக்கிறது. உறுதி செய்ய முன் ஷாஃப்டையே கழற்றிவிட்டு டூ வீலில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஷாஃப்டும் அதன் கிராஸும்தான் பொறுப்பு. கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் வட்டத் தகடு) ஸ்லிப் ஜாயிண்டிலும் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இடம்) பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஸ்லிப்பில் பல் தள்ளி மாட்டினால் இரண்டு முனை கிராஸும் ஒரே வரிசையில் நிற்காது. பிறகு, இல்லாத அதிர்வு ஒன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எதை வைத்துக்கொண்டு வீடு சேரலாம்?

சிவி டக் டக் என்றால் டூ வீலில் பதறாமல் வரலாம். கிரவுன் ஊளையிட்டால் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு மெதுவாக வரலாம். சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் திம்பம் மலை இறக்கத்தில் வண்டியை எடுக்கவே கூடாது, நானாக இருந்தால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டுவிடுவேன். கிராஸில் ஆட்டம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடும்போது ஷாஃப்டின் ஒரு முனை கழன்று ரோட்டில் விழுந்தால் வேறு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்ட் டைம் வண்டியில் அதற்கு ஒரு வசதி உண்டு: ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு, பின் சக்கர இழுப்பிலேயே வந்துவிடலாம். டூல் பாக்ஸில் அந்த போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இருக்கிறதா என்று மட்டும் மலை ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.