"விஷம் எடுத்த" மக்காச்சோளம் வாங்கி ஏமாந்தேன்

பெரம்பலூர் பக்கம் நாலு கறவை மாடு வைத்திருக்கிறேன். தை மாதம் திடீரென்று பெய்த மழையில் களத்தில் கிடந்த மக்காச்சோளம் பலருக்கும் நனைந்துபோனது. இரண்டு வாரம் கழித்து ஒரு வியாபாரி வந்தார்.

"அண்ணே, நனைஞ்ச சரக்குதான், ஒளிக்கல. ஆனா கழுவி, மெஷின்ல காயவெச்சு, டாக்ஸின் பவுடர் கலந்து பூஞ்சை விஷத்தையே எடுத்தாச்சு."

மூட்டைக்கு 250 ரூபாய் குறைவு. நனைந்ததை அவரே சொன்னதால்தான் நம்பினேன். பத்து மூட்டை இறக்கினேன், பில் கேட்கவில்லை.

பூசண வாசம் துளியும் இல்லை. முத்தெல்லாம் வெள்ளை மாவு பூசிக்கொண்டு பளிச்சென்று இருந்தது. அரைத்துத் தவிட்டோடு கலந்து வைத்தேன். நாலாம் நாள் செவலை தொட்டியில் முகம் வைத்துவிட்டு விலகியது. பத்து நாளில் அதன் பால் 11 லிட்டரிலிருந்து 7 லிட்டருக்கு இறங்கியது.

மாட்டு டாக்டர் வந்ததும் மாட்டைவிடச் சாக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஒரு கை அள்ளி நீரில் அலசி, முத்தை நகத்தால் பிளந்தார். முளை இருக்கும் இடத்தில் பாசி நிறத்தில் தூள் படிந்திருந்தது. அப்புறம் சாக்கின் அடியில் கிடந்த வெள்ளைத் தூள்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். புஸ்ஸென்று நுரைத்தது.

"இது விஷத்தைப் பிடிக்கிற பைண்டரே இல்லீங்க. சுண்ணாம்புக்கல் மாவு. கோழித் தீவனத்துல கால்சியத்துக்குப் போடுறது."

சரி, நல்ல பைண்டர் கலந்திருந்தால்? அப்போதும் விஷம் தானியத்தைவிட்டுப் போகாதாம். பென்டோனைட் போன்ற களிமண் வகைகள் மாட்டின் குடலில்தான் அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை விஷத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும். ஓரளவுக்குத்தான் அதுவும், பூஞ்சை விடும் மற்ற விஷங்கள் பலவற்றிடம் அதன் பாச்சா பலிக்காது. காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், ஏற்கெனவே ஊறிய விஷம் அப்படியே இருக்கும். வேகவைத்தாலும் போகாது. அம்மோனியா ஏற்றி முறிக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும், களத்துமேட்டில் சாதாரணமாகச் செய்கிற வேலை இல்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினேன். மாட்டுத் தீவனத்தில் அஃப்ளாடாக்சினின் பி1 வகை கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. என்னுடையதில் ஏழு மடங்கு.

எனக்குத் தூக்கம் போனது பாலை நினைத்துத்தான். மாடு தின்ற பி1 உடம்பில் எம்1 என்கிற இன்னொரு வகையாக மாறி மறுநாளே பாலில் வந்துவிடுகிறது. 2018இல் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில் எம்1 வரம்பை மீறிய மாதிரிகள் எண்ணிக்கையில் தமிழ்நாட்டில்தான் அதிகம்: 551இல் 88. செய்தியில் அதைப் படித்தபோது யாரோ செய்யும் கலப்படம் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பத்து நாளும் என் மகளுக்குக் காய்ச்சிக் கொடுத்தது செவலையின் பால்தான்.

தீவனத்தை நிறுத்திய நாலைந்து நாளில் பால் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். அதுவரை கறந்ததைக் கீழே ஊற்றினோம். மீதி ஆறு மூட்டையைக் குழிவெட்டிப் புதைத்தேன். விலைக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் வந்தார், கொடுக்கவில்லை.

வாங்கும்போது பத்து முத்தையாவது அலசிப் பிளந்து பாருங்கள். ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம். துண்டுச்சீட்டாவது வாங்கி வையுங்கள். அது இல்லாமல்தான் நான் புகார் கொடுக்க வழியின்றி நிற்கிறேன்.

வியாபாரிக்குப் போன் போட்டேன். பதறவே இல்லை. "அண்ணே, இதே லோடுதான் உங்க ஊர்ல ஆறு வீட்டுக்கு இறக்கினேன். நீங்க ஒருத்தர்தான் குறை சொல்றீங்க."