தரையில் நிற்கும் பை: மூன்று வருடம் தைத்துச் சுமந்த அனுபவம்

இலங்கை மலைநாட்டில், கொட்டகலையிலிருந்து ஹட்டன் சந்தைக்குப் போய் பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். காலுக்கிடையில் வைத்த பை ஒரு வளைவில் சாயும், அடுத்த வளைவில் கவிழும். அப்புறம் உருளைக்கிழங்கு எந்த சீட்டுக்கு அடியில் ஓடியது என்று குனிந்து தேட வேண்டியதுதான். அம்மா அந்தக் காலத்துத் தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சொல்லிக் காட்டுவார்: "கூடைய வச்சா வச்ச எடத்துல நிக்கும். ஒன் பை ஏன் குடிகாரன் மாதிரி சாயுது?"

அவர் கேட்டது சரிதான். 2022இல் எல்லாச் சாமானும் விலை ஏறிக் கிடந்தபோது, அண்ணனின் பழைய ஜீன்ஸ் இரண்டைப் பிரித்து நான் தைத்த முதல் பைக்கு அடியே கிடையாது. இரண்டு துண்டை மூன்று பக்கம் மூட்டியதோடு சரி. துணி இன்றும் கிழியவில்லை, ஆனால் அதைச் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. சுவரில் தொங்குகிறது, வெங்காயம் போட்டு வைக்கிறோம்.

இரண்டாவது பைக்கு மூலை மடித்து அடி வைத்தேன். கேட்கக் கஷ்டமாக இருக்கும், செய்தால் ஐந்து நிமிட வேலை. பை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் கிடக்கும்போது, பக்கத் தையலை அடித் தையலின்மேல் நேராக வைத்து அழுத்தினால் மூலை முக்கோணமாக நீட்டிக்கொண்டு நிற்கும். முனையிலிருந்து தையல் வழியே 3 அங்குலம் இறங்கிக் குறுக்கே கோடு போட்டால், அந்தக் கோடு 6 அங்குலம் வரும். அதுதான் அடியின் அகலம். கோட்டின்மேல் இரண்டு முறை தைத்து, அரை அங்குலம் விட்டு முனையை வெட்டி, ஓரம் பிரியாதபடி சுற்றித் தைக்க வேண்டும். நான் ஆசையாக ஒட்ட வெட்டிவிட்டேன். ஜீன்ஸ் நூல் பிரிந்து ஒரு மூலை வாய் திறந்தது. இன்னொரு தப்பு, அளவைத் துணி ஓரத்திலிருந்து எடுத்தது. தையல் முடியும் முனையிலிருந்துதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி ஒடுங்கிப்போகும்.

ஆனால் அந்தப் பையைக் கொன்றது மூலை இல்லை, அட்டை. சாமான் பெட்டி அட்டையை வெட்டி அடியில் வைத்து, மேலே துணி போட்டு நிரந்தரமாகத் தைத்துவிட்டேன். எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை விடாமல் பிடிக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) நடந்த அரை மணி நேரத்தில் அட்டை ஊறி, பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்தும் பூஞ்சண வாடை போகவில்லை. கழற்றித் துவைக்கவும் வழியில்லை. மலைநாட்டில் பை தைக்கிறவர்கள் அட்டையை மறந்துவிடுவது நல்லது என்பது என் கட்சி.

இப்போது சந்தைக்குப் போவது மூன்றாவது பை, இரண்டு வருடத்துக்கும் மேலாக. அடியில் இருப்பது கடை விளம்பரம் ஒட்டும் பிளாஸ்டிக் தட்டி, உள்ளே குழல் குழலாக இருக்குமே, அதுதான். ஒரு தட்டி மட்டும் வைத்தால் குழல் ஓடும் வாக்கில் மடங்கிவிடும். இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் குழல் நீளவாக்கிலும் மற்றதின் குழல் குறுக்கிலும் இருக்கும்படி சேர்த்து டேப் சுற்றினால் கல்லு மாதிரி நிற்கும். என் பையின் அடி 12க்கு 6 அங்குலம், தட்டி பதினொன்றரைக்கு ஐந்தரை. மூலைகளை வளைத்து வெட்டாவிட்டால் அது உள்ளிருந்தே துணியை அறுக்கும். தட்டிக்கு ஒரு பக்கம் திறந்த தலையணை உறை மாதிரி ஓர் உறை. கரட் கிழங்கின் மண் படிந்தால் தட்டியை உருவி எடுத்துப் பையை மட்டும் பிரஷ் போட்டுத் துவைக்கலாம். அடியின் நாலு ஓரத்தையும் வெளிப்பக்கம் கிள்ளிப் பிடித்து விளிம்புத் தையலும் போட்டிருக்கிறேன். சலிப்பான வேலை, ஆனால் வெறும் பையே பெட்டி மாதிரி நிற்கிறது.

கைப்பிடி பழைய பையில் வாயோரத்தில் மட்டும் தைத்தது. ஐந்து கிலோ அரிசியும் நாலு தேங்காயும் வைத்த ஒரு நாள் பிய்ந்தது. புதியதில் நாடா ஒரே வளையம்: முன்பக்கம் ஏறி, கைப்பிடியாக வளைந்து இறங்கி, அடியைக் கடந்து பின்பக்கமும் அப்படியே. மூட்டு அடியில் மறைந்துவிடும். 13 அங்குல உயரப் பைக்கு மூன்று மீட்டர் நாடா சரியாகப் போனது. அடித் தையல் போட்டதும், பக்கங்களை மூட்டுவதற்கு முன்பே நாடாவைத் தைத்துவிட வேண்டும், பிறகு முடியாது. மேலே மடிப்புக்கு இரண்டு அங்குலம் தைக்காமல் விட வேண்டும்.

தைத்தது அம்மாயியின் கறுப்பு சிங்கர் கை மெஷினில். 16ஆம் நம்பர் ஊசி, நாடாவும் ஜீன்ஸும் சேரும் இடத்தில் 18. தடித்த மேட்டில் ஏறும்போது பாதத்தின் பின்னால் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்துச் சமப்படுத்திக்கொண்டால் ஊசி உடையாது. இதை நாலு ஊசி உடைத்த பிறகுதான் கற்றேன். நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் எங்கள் ஈரத்தில் ஒரு வருடத்தில் இற்றுப்போனது.

குறை இல்லாமல் இல்லை. வெறும் பையே கனம். மழைக்காலத்தில் துவைத்தால் காய மூன்று நாள், அதற்குள் அடுப்புப் புகை வாடை ஏறிவிடும். கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ் என்று எட்டு கிலோ வரை தாராளமாகப் பிடிக்கிறது, அதற்கு மேல் என் தோள்தான் தாங்கவில்லை.

2025 நவம்பர் முதல் கடைகளில் பொலித்தீன் சொப்பிங் பேக் சும்மா கொடுக்கக் கூடாது, காசு வாங்க வேண்டும் என்று வந்ததிலிருந்து லயத்தில் என் பைக்கு மவுசு கூடிவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டு மாமி, "கொழுந்தெடுக்க மலைக்குச் சோத்துக் கேரியரும் பிளாஸ்கும் கொண்டு போக எனக்கும் ஒன்னு தச்சுக் குடு புள்ள" என்றார். கேரியரை வாங்கி அளந்தேன், குறுக்கே ஏழு அங்குலம். என் ஆறு அங்குல அடியில் அது நிற்காது. மாமியின் பைக்கு மூலையில் நாலு அங்குலம் இறங்க வேண்டும். துணியை நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன், வெயில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வெட்டலாம்.